பாடசாலை நூலகம் தர மறுத்த புத்தகம்: திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

உவர்மலைத் தாய்:

என் மகள் தரம் 9இல் படிக்கிறாள். பாடசாலை நூலகத்தில் ஒரு நாவல் கேட்டிருக்கிறாள். இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் கதை. "அது உயர்தரப் பிள்ளைகளுக்கு" என்று பொறுப்பாசிரியை மறுத்துவிட்டார். நான் நேரில் போனேன். அவர் கோபப்படவில்லை, அலுமாரியைத் திறந்து புத்தகத்தை என் கையிலேயே தந்தார். பிரவுண் தாள் உறை, முதுகில் 894.811 என்ற எண், பின்னட்டையில் ஒட்டிய இரவல் சீட்டு. சீட்டில் ஒரு திகதி முத்திரைகூட இல்லை. உயர்தரப் பிள்ளைகளும் அதைத் தொட்டதில்லை! "இந்த முடிவை யார் எடுத்தது?" என்று கேட்டேன். "முன்பிருந்தே அப்படித்தான்" என்றார்.

வயது பார்த்துப் புத்தகம் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் யார் பிரித்தார், எதற்காகப் பிரித்தார் என்று பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? 'முன்பிருந்தே' என்பவரை நான் எந்த அலுவலகத்தில் போய்ப் பார்ப்பது? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, மூதூர்:

நூலகப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவள் நான். தங்கை, மறுபக்கத்தையும் கேளுங்கள். எங்கள் பாடசாலைகளில் அலுமாரி பூட்டிக் கிடப்பதற்கு முதற்காரணம் ஒழுக்கமும் அல்ல, அரசியலும் அல்ல. ஆண்டுதோறும் வரும் பொருட்கணக்கெடுப்பு. பதிவேட்டில் உள்ள புத்தகம் அலுமாரியில் இல்லையென்றால் விளக்கம் எழுத வேண்டியவள் நான்தான். பூட்டி வைத்தால் பொறுப்பானவள். பிள்ளைகள் வாசித்துத் தேய்த்துவிட்டால் கவனமில்லாதவள். இந்தக் கணக்கில் எந்த ஆசிரியர் திறப்பைக் கைவிடுவார்?

அடுத்தது நன்கொடைப் பெட்டிகள். சுனாமிக்குப் பிறகும் போர் முடிந்த பிறகும் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்தது. அனுப்பியவர்களுக்கு நல்ல மனம். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. தரம் 6 பிள்ளைகள் சூழ்ந்து நிற்க ஒரு பெட்டியைத் திறந்தேன். மேலே சிறுவர் கதைகள். அதற்குக் கீழே வருமான வரிச் சட்ட விளக்கம். அடியில், அட்டைப்படத்தைக் கண்டதும் சேலைத் தலைப்பால் மூட வேண்டிய மாத நாவல்கள்! அவற்றை ஒதுக்கினேன், இன்று வந்தாலும் ஒதுக்குவேன். அதைத் தடை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

ஆனால் தங்கை சொல்வது வேறு. பணம் கொடுத்து வாங்கி, எண் போட்டு, உறை போட்ட நல்ல நாவலை வாசித்துப் பார்க்காமலே மறைப்பது எந்த வகையிலும் சரியில்லை. மறுக்கும் ஆசிரியர்கள் பலர் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்த்ததில்லை. தலைப்பில் 'காதல்' இருக்கிறதா, அட்டையில் துப்பாக்கி இருக்கிறதா என்பதோடு அவர்களுடைய விமர்சனம் முடிந்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:

எங்கள் பக்கம் காதலைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் அரபு எழுத்துள்ள நூலை வீட்டில் வைத்திருக்கவே ஆட்கள் அஞ்சினார்கள். 2020 மே மாதத்தில் கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமது 'நவரசம்' கவிதைத் தொகுதியின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவரும் ஓர் ஆசிரியர். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வன்முறைக்கு எதிராகப் பேசும் கவிதைகளும் அதில் இருந்தன என்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அப்போதே சொன்னார்கள்.

அந்தக் கைதுக்குப் பிறகு எனக்குத் தெரிந்த பாடசாலை ஒன்றில் கவிதை அடுக்கு மெலிந்துபோனது. சுற்றறிக்கை வரவில்லை, அதிபரும் வாய் திறக்கவில்லை. நோன்பைப் பற்றிய சிறுவர் நூல்கூட உள்ளே போய்விட்டது. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நிலாவெளி இளைஞன்:

யாழ்ப்பாண நூலகம் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைப் பற்றிப் பேசி நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினேன். அன்றும் எங்கள் பாடசாலை நூலகம் பூட்டித்தான் கிடந்தது.

இன்னொன்று. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடநூலை அரசாங்கமே அச்சடித்து இலவசமாகத் தருகிறது. அதில் வரும் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயத்தை எங்கள் ஆசிரியர் "வீட்டில் வாசியுங்கள்" என்று தாண்டிவிட்டார். வகுப்பு முழுவதும் ஒழுங்காகச் செய்த வீட்டுவேலை அது ஒன்றுதான்.

டொக்யார்ட் வீதியில் வளர்ந்து இப்போது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருப்பவர்:

அக்கா, எல்லாம் எழுத்தில் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். இங்கே எல்லாம் எழுத்தில்தான் நடக்கிறது. 2023இல் வந்த மாநிலச் சட்டம், பாலியல் விவரிப்பு இருக்கிறது என்று ஒருவர் முறைப்பாடு கொடுத்தால் 5 பாடசாலை நாட்களுக்குள் புத்தகத்தை எடுத்துவிட வேண்டும் என்றது. விசாரணை பிறகு. 2023–24 கல்வியாண்டில் நாடு முழுவதும் 10,046 புத்தகத் தடைகளை 'பென் அமெரிக்கா' என்ற எழுத்துச் சுதந்திர அமைப்பு எண்ணியது; அவற்றில் மிக அதிகம் எங்கள் மாநிலத்தில். கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பாடசாலை நூலகத்திலிருந்து புத்தகத்தை அகற்றக் கூடாது என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஆனால் நீதிபதிகள் பல தீர்ப்புகளாகப் பிரிந்து எழுதியதால் அதற்கு இன்றும் முழுப் பலம் இல்லை.

நீங்கள் பாடசாலையிடம் கேட்பதாக இருந்தால் காரணத்தை மட்டும் கேட்காதீர்கள். முறைப்பாடு வந்தாலும் முடிவு வரும்வரை புத்தகம் தட்டிலேயே இருக்கும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். எல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது.

பாலையூற்றுத் தந்தை:

எல்லோரும் ஒரு பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் கட்டுப்பாட்டின் பக்கம். என் மகனுக்கு 11 வயது. தொடர் கொலைகளைப் பற்றிய தடித்த நாவலொன்றை நூலகத்திலிருந்து கொண்டுவந்தான். வாசித்து முடித்த பிறகு இரவில் தனியாகக் கழிப்பறைக்குப் போக மாட்டேன் என்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாடசாலையில் விசாரித்தால், நூலகத்தில் நின்ற மாணவத் தலைவன் "கேட்டான், கொடுத்தேன்" என்கிறான். அந்த நாவலை எரிக்கச் சொல்லவில்லை. கொடுப்பவர் கேட்கும் பிள்ளை யார் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பெரியவர் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, மூதூர்:

தம்பி, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் ஒரே பாடவேளையில் ஒரு வகுப்பே வரிசையில் நிற்கும்போது பொறுப்பாசிரியை எத்தனை பேரின் முகத்தைப் பார்ப்பார்? அதே நேரத்தில் பக்கத்து வகுப்பில் அவருக்குக் கணித பாடமும் இருக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறீர்கள்தானே? நூலகத்துக்கென்று தனியாக ஒருவர் வேண்டும் என்று எழுந்து கேளுங்கள்.