வீட்டில் கை நீட்டி அடித்த பெண்களுக்கான குழு: பேச்சு தடம் மாறாமல் நடத்துவது எப்படி?

கயல்விழி:
எட்டுப் பேர், வாரம் ஒருமுறை, 2 மணி நேரம். ஒருத்தங்க "அடிச்சேன்"னு ஆரம்பிச்சா அஞ்சே நிமிஷத்துல "அந்தாளுக்கு இதுவே கம்மி"ன்னு எல்லாரும் சேர்ந்துக்கிறாங்க. ஆண்களுக்கான பாடத்திட்டத்தை வெச்சுத்தான் நடத்துறோம். எங்க பிசகுது?

வைகைக்கரை:
பாடத்திட்டத்துலதான். அதுல வர்ற அதிகாரச் சக்கரப் படம், அதாவது அடிக்கிறவர் துணையை எந்தெந்த வழியில அடக்கி வெக்கிறார்னு காட்டுற வட்டப் படம், 1984ல அமெரிக்காவின் டுலூத் நகரத்துல, அடிபட்ட பெண்கள் சொன்னதை வெச்சு வரைஞ்சது. அடிபட்டுக்கிட்டே திருப்பி அடிச்சவங்க அதுல அடங்க மாட்டாங்க. குழுவுல சேர்க்கும் முன்னாடி ஒவ்வொருத்தரோடவும் தனியா முக்கால் மணி நேரம் பேசுங்க. கூட வந்தவங்க வாசல்லகூட இருக்கக் கூடாது. எத்தனை அடின்னு எண்ணாதீங்க. யாருக்குப் பயந்து யார் சம்பளக் கவரை அப்படியே நீட்டுறாங்க, அம்மா வீட்டுக்குப் போன் பண்ணாம இருக்காங்கன்னு கேளுங்க. பயம் அவங்க பக்கம்னா முதல்ல பாதுகாப்புத் திட்டம். பெண்கள் உதவி எண் 181 மனப்பாடமா இருக்கட்டும், செல்லுல வேண்டாம்.

செம்பருத்தி:
கூடவே ரெண்டு தாள் கொடுங்க. ஒண்ணுல அவர் செஞ்சது, இன்னொண்ணுல இவங்க செஞ்சது. முதல் தாளை மறுக்காதீங்க, ஆனா ரெண்டாவதைப் பேசும்போது அதை மடிச்சு வெச்சிடணும். கடைசிச் சம்பவத்தை மட்டும் எடுத்து, அதுக்கு முந்தின பத்து நிமிஷத்தை மெதுவா ஓட்டுங்க: தோசைக்கரண்டி கைக்கு எப்ப வந்துச்சு? காது சூடாச்சா? பிள்ளை எங்க நின்னுச்சு? பதில் வர்ற வரைக்கும் மத்தவங்க வாய் திறக்கக் கூடாது. நடத்த ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் முகங்களைப் பார்க்கிறதுக்கே.

"கோபம் வந்தா வெளிய போயிடுங்க" பாடத்தை அப்படியே சொல்லாதீங்க. ராத்திரி பத்து மணிக்கு எங்க போவாங்க? அடிக்கிற புருஷன்னா வாசலை மறிப்பான், அது இன்னும் ஆபத்து. மாடியா, பக்கத்து வீடா, பிள்ளையைத் தூக்கிட்டா விட்டுட்டான்னு பகல்லயே முடிவு பண்ண வைங்க.

கயல்விழி:
நன்றிக்கா. மாமியாரை அடிச்ச மருமகளும் ஒருத்தங்க இருக்காங்க. அந்த மாமியாரும் வர்றேங்கிறாங்க.

வைகைக்கரை:
ஒரே வீட்டு ஆளுங்க ஒரே குழுவுல வேண்டவே வேண்டாம். இன்னொண்ணு, 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல எதிர்மனுதாரர் பத்தின பிரிவுல இருந்த "வயதுவந்த ஆண்"ங்கிற வார்த்தையை 2016 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் நீக்கிடுச்சு. மாமியார் மருமகள் மேல மனு போட வழியிருக்கு. வழக்கு நடந்தா அந்தச் சம்பவத்தைக் குழுவுல எடுக்காதீங்க, குறிப்பேட்டுலயும் எழுதாதீங்க. கடிதம் கேட்டா வந்த தேதிகளை மட்டும் எழுதிக் கொடுங்க. "திருந்திட்டாங்க"ன்னு எழுத நம்மால முடியாது.