ஐபோன் 7-ல் மட்டும் பட்டியல் வரவில்லை, மற்ற எல்லாவற்றிலும் ஓடுகிறது – உதவி தேவை

மண்டபம்_வலை (கேள்வி):

வணக்கம். மீன் ஏலக் கணக்குக்கான வெப் பக்கம். படகு எண், டோக்கன் தேதி, மீன் வகை, எடை, கிலோ விலை போட்டால் மொத்தம் காட்டும். சர்வரில் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். முன்பக்கத்துக்கு ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல். ரியாக்ட், பண்டலர் எதுவும் கிடையாது.

ஓடுவது: விண்டோஸ் 11-ல் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ். ஆண்ட்ராய்டு 9, 13 இரண்டிலும் குரோம். ஐபோன் 13 (ஐஓஎஸ் 17).

ஓடாதது: ஐபோன் 7, ஐஓஎஸ் 15.8. தலைப்பும் பின்னணி நிறமும் வருது. பட்டியல் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. பட்டனைத் தொட்டால் ஒன்றும் நடக்கலை. அதே ஃபோனில் குரோம் இறக்கிப் பார்த்தாலும் அப்படியேதான்.

பார்த்தவை: குரோமின் டெவ்டூல்ஸில் (பக்கத்தைச் சோதிக்கும் உள் கருவி) ஐபோன் அளவு வைத்தேன், ஓடுது. பிளேரைட் (பிரவுசரைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் கருவி) வெப்கிட், அதிலும் ஓடுது. சஃபாரி கேச் அழிச்சாச்சு. மேக் கிடையாது.

தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடியுது. 15-ல் விசைப்படகு இறங்கிடும். வியாபாரிகளில் நாலைந்து பேர் கையில் இந்த மாதிரி பழைய ஐபோன்தான். எங்கே ஆரம்பிக்கிறது?

தொண்டி_லினக்ஸ்:

சிஎஸ்எஸ்-ல் (பக்கத்தின் தோற்ற விதிகள்) ஃப்ளெக்ஸுக்கு கேப், அதாவது பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி, போட்டிருக்கீங்களா? பழைய சஃபாரிக்கு அது தெரியாது. எடுத்துட்டு மார்ஜின் வைத்துப் பாருங்க.

கீழக்கரை_டெஸ்டர்:

ஃப்ளெக்ஸ் கேப் சஃபாரி 14.1-லேயே வந்தாச்சு, 15.8-ல் அது காரணமில்லை. தவிர, இடைவெளி போனால் பெட்டிகள் ஒட்டிக்கொள்ளுமே தவிர பட்டியலே காணாமல் போகாது. பட்டனும் செத்துக் கிடக்கு என்றால் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்று அர்த்தம்.

தம்பி, நீங்க செய்த சோதனைகள் எதுவும் அந்த ஃபோனைத் தொடவே இல்லை. டெவ்டூல்ஸின் ஐபோன் தோற்றம் திரை அளவையும், தொடுதலையும், யூசர் ஏஜென்ட் என்ற பெயர்ப்பலகையையும்தான் மாற்றும். உள்ளே பக்கத்தைப் படித்து வரைவது குரோமின் பிளிங்க் எஞ்சினேதான். ஐபோன் குரோமோ நேர் எதிர்: வெளியே குரோம், உள்ளே ஆப்பிளின் வெப்கிட். (ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐஓஎஸ் 17.4 முதல் வேறு எஞ்சினுக்கு அனுமதி உண்டு. நம் பக்கம் அது கிடையாது.) அந்த வெப்கிட் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வரும். ஐபோன் 7-க்கு ஐஓஎஸ் 15-க்கு மேல் கிடைக்காது. அதனால் அதில் எந்த பிரவுசரை எத்தனை தடவை அப்டேட் செய்தாலும் எஞ்சின் 15-லேயே நிற்கும்.

பிளேரைட் வெப்கிட் நல்ல கருவி, ஆனால் அதில் வருவது வெப்கிட்டின் புதுக் கட்டு. ஐபோன் 13-க்கு அது ஓரளவு சாட்சி சொல்லும், ஐபோன் 7-க்குச் சொல்லாது. யாராவது விண்டோஸ் சஃபாரி இறக்கச் சொன்னால் கேட்காதீங்க; அது 5.1.7-ஓடு 2012-லேயே நின்றுபோனது.

எதையும் மாற்றுவதற்கு முன் எரர் செய்தியை வாங்குங்க. மேக் இல்லாமலே வாங்கலாம்:

ஹெட் பகுதியில், உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்கு முன்னால், தனியாக ஒரு ஸ்கிரிப்ட் டேக் வையுங்க. அதற்குள் விண்டோ.ஆன்எரர்-க்கு ஒரு ஃபங்ஷன்: செய்தி, ஃபைல் பெயர், வரி எண் மூன்றையும் ஒட்டி அலர்ட் காட்டட்டும். பழைய பாணியில் எழுதுங்க, வார், ஃபங்ஷன் மட்டும். அம்புக்குறி ஃபங்ஷன், பின்சாய்வு மேற்கோள் எதுவும் வேண்டாம். பிடிக்கப் போகிற வலையே கிழிந்திருக்கக் கூடாது. பிரதான ஃபைலுக்குள்ளேயே இதை வைத்தால் பிரயோஜனமில்லை, அந்த ஃபைல் செத்தால் இதுவும் சேர்ந்து சாகும்.

ஃபைல் வேறு டொமைனிலிருந்து வந்தால் "ஸ்கிரிப்ட் எரர்" என்று இரண்டே சொல்தான் கிடைக்கும். சோதனைக்காவது அதே டொமைனில் வையுங்க.

மண்டபம்_வலை:

வைத்தேன் அண்ணே. அலர்ட்டில் வந்தது, எழுத்துக்கு எழுத்து: "சின்டாக்ஸ் எரர்: இன்வேலிட் ரெகுலர் எக்ஸ்பிரஷன்: இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்". வரி 212. அங்கே இருப்பது ரூபாய்க்குக் காற்புள்ளி போடும் ரெகெக்ஸ் (எழுத்து வரிசையைத் தேடும் சூத்திரம்), 125000-ஐ 1,25,000 ஆக்குவது. ஆனால் அந்த ஃபங்ஷன் மொத்தம் காட்டும்போது மட்டும்தான் ஓடும். பட்டியல் ஏன் போகணும்?

கீழக்கரை_டெஸ்டர்:

அந்த வரியில் (?<= இருக்கும், பாருங்க. "இதற்கு முன்னால் இது இருந்தால்" என்று திரும்பிப் பார்க்கும் குறி, பெயர் லுக்பிஹைண்ட். குரோமில் 62-லிருந்து உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 78-லிருந்து. சஃபாரிக்கு வந்தது 16.4-ல்தான், 2023 மார்ச். அதற்கு முந்தைய சஃபாரி (?< பார்த்ததும் குழுவுக்குப் பெயர் வைக்கப் போகிறோம் என்று நினைக்கும். அடுத்து = வந்ததும் "இது பெயரா?" என்று கேட்கும். அதுதான் அந்தச் செய்தி.

பட்டியல் ஏன் போச்சு என்றால், நேரடியாக எழுதின ரெகெக்ஸை ஃபைலைப் படிக்கும்போதே சரிபார்த்துவிடும். ஓடும்போது இல்லை. 212-ஆம் வரி புரியாவிட்டால் முதல் வரி கூட ஓடாது, மொத்த ஃபைலும் தள்ளுபடி. சிஎஸ்எஸ் இந்த விஷயத்தில் பெருந்தன்மை: தெரியாத வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அதனால் சிஎஸ்எஸ் பழசானால் பக்கம் கோணலாகும். ஜாவாஸ்கிரிப்ட் பழசானால் பக்கமே இருக்காது.

பாலிஃபில் தேடாதீங்க. இல்லாத ஃபங்ஷனைப் பாலிஃபில்லால் கொடுக்கலாம், புரியாத இலக்கணத்தைக் கொடுக்க முடியாது. புதுக் கோடைப் பழைய பாணிக்கு மாற்றும் பேபலும் லுக்பிஹைண்டை மாற்றித் தராது. ரெகெக்ஸையே தூக்கிவிட்டு, பிரவுசரிலேயே இருக்கிற இன்டல் நம்பர்ஃபார்மேட் வையுங்க. மொழிக்குறி இந்திய ஆங்கிலமோ இந்தியத் தமிழோ, எது கொடுத்தாலும் 1,25,000 என்றே வரும்.

பிறகு எல்லா ஃபைலிலும் (?<= மற்றும் (?<! இரண்டையும் தேடுங்க, இறக்கிப் போட்ட நூலகங்களையும் சேர்த்து. (?< க்குப் பின் எழுத்து வந்தால் அது பெயர் வைத்த குழு, 11.1-லிருந்தே ஓடும், அதை விட்டுடலாம்.

மண்டபம்_வலை:

பட்டியல் வந்துடுச்சு! முதலில் மாறவே இல்லை, பழைய ஃபைல் கேச்சில் இருந்தது. ஃபைல் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு எண்ணை மாற்றின பிறகுதான் புதுசு வந்தது.

அதே ஃபோனில் இப்போ இரண்டு தொல்லை. ஒன்று, தேதிக் கட்டம் எல்லாவற்றிலும் "இன்வேலிட் டேட்". இரண்டு, கீழே ஒட்டியிருக்கிற "சேமி" பட்டன் சஃபாரியின் அட்ரஸ் பாருக்கு அடியில் போய் ஒளிஞ்சுக்குது. பக்கத்தை மேலே தள்ளினால்தான் தெரியுது.

பாம்பன்_கோட்:

பட்டனை முதலில் முடிச்சிடலாம். உயரத்துக்கு 100விஎச் (திரையின் முழு உயரம்) போட்டிருப்பீங்க. ஐபோன் சஃபாரி அதை அட்ரஸ் பார் சுருங்கியபின் கிடைக்கும் பெரிய உயரமாகக் கணக்கிடும். பார் விரிந்திருக்கும்போது அந்த அளவு பக்கம் கீழே மறைந்துவிடும். 100விஎச் வரியை அப்படியே வைத்து, அதற்கு அடுத்த வரியில் 100டிவிஎச் (பார் விரிய, சுருங்க தானும் மாறும் உயரம்) எழுதுங்க. சஃபாரி 15.4, குரோம் 108, ஃபயர்ஃபாக்ஸ் 101 முதல் ஓடும். தெரியாத பிரவுசர் இரண்டாவது வரியை விட்டுவிடும். கீழக்கரை அண்ணன் சொன்ன சிஎஸ்எஸ் பெருந்தன்மை இங்கே கைகொடுக்கும்.

கூடவே எடைப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையாமல் பாருங்க. குறைந்தால் பெட்டியைத் தொட்டதும் ஐபோன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும்.

தேதி: மைஎஸ்க்யூஎல் தருவதை அப்படியே டேட்டுக்குள் போடுறீங்கதானே, "2025-06-16 04:30:00" மாதிரி? நடுவில் வெற்றிடம் இருக்கிற இந்த வடிவம் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் கிடையாது. குரோம் இரக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளும், பழைய சஃபாரி ஏற்காது. வெற்றிடத்துக்குப் பதில் ஆங்கில டீ எழுத்து, கடைசியில் +05:30. பிஎச்பி-யிலேயே இப்படி மாற்றி அனுப்புங்க, பத்து இடத்தில் ஒட்டுப்போட வேண்டாம்.

சேமிக்கும்போது தேதியை எப்படி எடுக்கிறீங்க என்று காட்டுங்க. அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

மண்டபம்_வலை:

இன்றைய தேதிக்கு டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டு முதல் 10 எழுத்தை எடுத்துக்கிறேன் அக்கா. எல்லா பிரவுசரிலும் சரியாத்தானே வருது?

பாம்பன்_கோட்:

எல்லா பிரவுசரிலும் தவறாக வருது தம்பி, விடியற்காலையில் மட்டும். டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் தருவது யூடிசி என்ற உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்னால். ஜூன் 16 காலை 4.30-க்கு எடை போட்டால் அங்கே இன்னும் ஜூன் 15 இரவு 11 மணி. முதல் 10 எழுத்து ஜூன் 15 என்று சொல்லும். காலை 5.30-க்கு முன் போடுகிற ஒவ்வொரு பதிவும் முந்தின நாள் கணக்கில் விழும். அலுவலகத்தில் பகல் 11 மணிக்கு டெஸ்ட் செய்தால் இது ஜென்மத்துக்கும் தெரியாது. உங்கள் பக்கத்துக்கோ வேலையே அந்த நேரத்தில்தான்.

தேதியை ஃபோனிடம் கேட்காதீங்க. பதிவு வந்த நேரத்தை வைத்து சர்வரே போடட்டும், பிஎச்பி-யில் நேர வலயம் ஆசியா/கொல்கத்தா என்று வைத்து. திரையில் காட்ட மட்டும் இன்டல் டேட்டைம்ஃபார்மேட்டில் அதே வலயத்தைக் கொடுங்க.

சோதிக்க விடியும்வரை விழித்திருக்க வேண்டாம். பிளேரைட்டில் டைம்சோன்ஐடி அமைப்பு உண்டு, 1.45 முதல் கடிகாரத்தையும் ஒரு நேரத்தில் நிறுத்தலாம். 4.30, 5.29, 5.31 மூன்றுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்க.

மண்டபம்_வலை:

ஃபோன் நேரம் தப்பா இருந்தால் எச்சரிக்கணும்னு ஒரு சோதனை வைத்திருக்கேன். வலயத்தின் பெயர் ஆசியா/கொல்கத்தா இல்லைன்னா சிவப்புப் பட்டை காட்டும். குரோமில் எப்பவும் சிவப்பு, ஃபயர்ஃபாக்ஸில் இல்லை. இதுவும் இதோடு சேர்ந்ததா?

கீழக்கரை_டெஸ்டர்:

வேறு கதை. குரோம் பழைய பெயரான ஆசியா/கல்கட்டா என்று தரும், ஃபயர்ஃபாக்ஸ் ஆசியா/கொல்கத்தா என்று தரும். வலயம் ஒன்று, பெயர் இரண்டு. இன்னொன்று நம் ஊருக்கே உரியது: தனுஷ்கோடிப் பக்கம் போனால் ஃபோன் இலங்கை டவரைப் பிடிக்கும். நேர வலயத்தைத் தானாக எடுக்கும் ஃபோனில் அப்போது ஆசியா/கொழும்பு என்று வரலாம். இலங்கைக்கும் 5.30-தான், மணி மாறாது, உங்கள் பட்டை மட்டும் சிவக்கும். பெயரை விடுங்க. கெட்டைம்சோன்ஆஃப்செட் (யூடிசியோடு உள்ள வித்தியாசம், நிமிடத்தில்) -330 தருதா என்று மட்டும் பாருங்க. மூன்றுக்கும் அதே எண்தான்.

தொண்டி_லினக்ஸ்:

ஃப்ளெக்ஸ் விஷயம் என் தப்பு. பதிலுக்கு ஒன்று: விண்டோஸில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றும்போது ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாருங்க. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. படம் 404 ஆகும். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வைத்துட்டா தலைவலி இல்லை.

ஏற்றுவதற்கு முன்பே அந்த ஐபோனில் பார்க்க, லேப்டாப்பையும் ஃபோனையும் ஒரே வைஃபையில் போடுங்க. பிஎச்பி-யின் உள் சர்வரை 127.0.0.1-க்குப் பதில் 0.0.0.0:8000-ல் ஓட்டுங்க, விண்டோஸ் ஃபயர்வாலில் 8000 போர்ட்டைத் திறங்க. ஃபோனில் லேப்டாப்பின் 192.168 முகவரி, கோலன், 8000. ஆனால் அந்த முகவரி எச்டிடிபி என்பதால் (எச்டிடிபிஎஸ் இல்லை) சர்வீஸ் வொர்க்கர் என்ற பின்னணி ஸ்கிரிப்ட், இருப்பிடம் இரண்டும் அதில் ஓடாது. லேப்டாப் லோக்கல்ஹோஸ்டில் ஓடும், ஃபோனில் ஓடாது. பிரவுசர் மேல் பழி போட்டுடாதீங்க.

பாம்பன்_கோட்:

எடைப் பெட்டி இன்புட் நம்பர் வகையா? அதில் ஸ்டெப் இயல்பாக 1. 12.5 கிலோ கணவாய் போட்டால் ஃபார்ம் மறுக்கும். கம்ப்யூட்டரில் கர்சர் பெட்டிக்குள் இருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் சில பிரவுசரில் 45 சத்தமில்லாமல் 44 ஆகிவிடும். டெக்ஸ்ட் வகை வைத்து, இன்புட்மோட் டெசிமல் கொடுங்க. ஃபோனில் எண் பலகை வரும், சக்கரத்தால் எடை மாறாது. சரிபார்ப்பை சர்வரில் செய்யுங்க.

மண்டபம்_வலை:

எல்லாம் மாற்றியாச்சு. ஐபோன் 7-ல் பட்டியல், தேதி, பட்டன் மூன்றும் சரி. 4.30 டெஸ்ட் பழைய கோடில் ஃபெயில், புதுசில் பாஸ். சிவப்புப் பட்டை குரோமில் போயிடுச்சு.

கடைசியா ஒன்று. ஒருத்தரிடம் ஐபோன் 6, ஐஓஎஸ் 12. அதில் இன்னும் வெள்ளைதான். செய்தியில் கேள்விக்குறியும் புள்ளியும் பற்றி ஏதோ சொல்லுது.

கீழக்கரை_டெஸ்டர்:

அது ஆப்ஷனல் செயினிங், மதிப்பு இல்லாவிட்டால் எரர் காட்டாமல் விடும் ?. குறி. சஃபாரி 13.1-ல்தான் வந்தது. அதை மாற்றினால் அடுத்தது ஒன்று வரும். ஒரு ஃபோனுக்காகக் கோடு முழுக்கப் பின்னுக்கு இழுக்க வேண்டாம். பட்டியலையும் விலையையும் பிஎச்பி-யே எச்டிஎம்எல் அட்டவணையாக அனுப்பட்டும். ஜாவாஸ்கிரிப்ட் அதன் மேல் வடிகட்டலும் கூட்டலும் மட்டும் செய்யட்டும். அப்போ ஸ்கிரிப்ட் செத்தாலும் அவருக்கு இன்றைய இறால் விலை தெரியும். ஆன்எரர் டேக்கை எடுத்துடாதீங்க. அலர்ட்டை நீக்கிவிட்டு, செய்தியையும் யூசர் ஏஜென்ட்டையும் சர்வருக்கு அனுப்பி ஒரு லாக் ஃபைலில் எழுதட்டும்.