ஒரு மணி நேர நூலக அறிமுகத்தால் பயன் உண்டா?

கேள்வி (கல்லூரி நூலகர்):
கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பணியாற்றுகிறேன். ஆண்டுதோறும் ஜூலையில் முதலாண்டு மாணவர்களைத் துறைவாரியாக அழைத்து, அடுக்குகளைச் சுற்றிக் காட்டி, ஓபேக் எனும் நூலகக் கணினிப் பட்டியலில் தேடும் முறையை விளக்கி, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் சேவையில் கணக்கும் தொடங்கிக் கொடுக்கிறோம். ஜனவரியில் கருத்தரங்கக் கட்டுரை எழுத வரும்போது பலருக்குக் கடவுச்சொல்கூட நினைவில் இருப்பதில்லை. சென்ற பருவத்தில் மாணவி ஒருவருடைய துணைநூற்பட்டியலில் இருந்த கட்டுரையைத் தேடிப் பார்த்தேன். இதழ் உண்மை, தொகுதி எண்ணும் உண்மை. அந்தப் பக்கங்களில் இருந்ததோ வேறொருவருடைய கட்டுரை. சாட்ஜிபிடி தந்ததை அப்படியே எழுதியதாக அவரே சொன்னார். இதையெல்லாம் எப்போது, எப்படிக் கற்பிப்பது?

மறுமொழி (தமிழ்த்துறைப் பேராசிரியர்):
பசிக்காதவருக்குப் பந்தி வைக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கட்டுரைத் தலைப்பு கொடுத்த அதே வாரத்தில் அந்த வகுப்பை நூலகத்துக்கு அழைத்து வருவதே எங்கள் வழக்கம். முதல்நாள் ஒரே சொல்லைத்தான் தேடச் சொல்வேன்: சிலப்பதிகாரம். ஆய்வேடுகள் சேர்ந்திருக்கும் ஷோத்கங்காவில் தலைப்புகள் பல ரோமன் எழுத்தில் உள்ளன. ஒருவர் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கியிருப்பார், மற்றொருவர் தமிழ் லெக்சிகன் அகராதியின் ஒலிபெயர்ப்பு முறைப்படி ‘சி’ (C) எழுத்தில் தொடங்கியிருப்பார், நடுவில் வரும் ‘தி’க்கு ஒருவர் ‘எச்’ சேர்ப்பார், ஒருவர் சேர்க்கமாட்டார். ஒரே எழுத்துக்கோவையில் தேடிவிட்டு “இதைப்பற்றி ஆய்வே இல்லை” என்று முடிவுகட்டிய மாணவர், அடுத்த முயற்சியில் திரை நிறைய ஆய்வேடுகளைப் பார்க்கும்போது அடையும் திகைப்பு எந்த விரிவுரையிலும் கிடைக்காது.

மறுமொழி (மற்றொரு நூலகர்):
அந்தப் போலி மேற்கோளையே பாடமாக்குங்கள், மாணவியின் பெயர் வேண்டாம். நான் ஐந்து மேற்கோள்களை அச்சிட்டு, அவற்றுள் இரண்டைப் பொய்யாக அமைத்து, எவை பொய் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். டிஓஐ எனும், கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண்ணை உள்ளிட்டுப் பார்ப்பது, இதழின் பொருளடக்கத்தைத் திறப்பது, ஆசிரியரின் பிற கட்டுரைகளைத் தேடுவது ஆகிய மூன்றையும் யாரும் சொல்லாமலே செய்துவிடுகிறார்கள். ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்று 1931-லேயே விதி வகுத்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் இந்தத் துப்பறியும் வேலைக்கு என்ன சொல்லியிருப்பாரோ!

மறுமொழி (முனைவர் பட்ட மாணவர்):
ஒரு வேண்டுகோள்: கட்டுரை பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காட்டை மட்டும் சொல்லி அச்சுறுத்தாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, சொற்களை மாற்றிப் போட்டு எண்ணைக் குறைப்பவர்களே மிகுதி. பிறர் கருத்தை எடுத்தால் யாருடையது என்று சொல்லவேண்டும் என்பது பலருக்கு ஆய்வேடு எழுதும் நாள்வரை தெரிவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஐந்து மேற்கோள் பயிற்சியை வணிகவியல் வகுப்பில் தொடங்குகிறேன். பேராசிரியர்கள் தங்கள் பாடவேளையை விட்டுக்கொடுப்பார்களா என்பதுதான் கவலை. அகமதிப்பீட்டில் இதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கச் செய்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், துறைத்தலைவரிடம் எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.