தேன் தீர்ந்துபோன கேக்

மாயவரம் அண்ணி: யாராவது உடனே சொல்லுங்கள். கேக்குக்கு அரை கப் தேன் வேண்டுமாம், பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு ஸ்பூன்தான் தேறும். மைதாவும் சோடா உப்பும் சலித்து வைத்தாயிற்று. சர்க்கரையைக் கொட்டிவிடவா?

கும்பகோணம் சித்தி: கொட்டாதே கொட்டாதே. தேனில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், வெறும் சர்க்கரை போட்டால் மாவு இறுகிவிடும். வெல்லம் இருக்கிறதா?

மாயவரம் அண்ணி: வீரமாங்குடி அச்சுவெல்லம் இருக்கிறது, பொங்கலுக்கு வாங்கியது.

கும்பகோணம் சித்தி: அது போதும். 125 கிராம் தட்டி, 2 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, சிறு தீயில் கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடு, அதிரசத்துக்கு வைப்பது போலப் பதம் பார்த்துக்கொண்டு நின்றாயானால் ஆறியதும் கெட்டியாகிவிடும். வடிகட்டு, அடியில் மண் நிற்கும். அப்புறம் நன்றாக ஆறட்டும், சூடாகப் பாலில் விட்டால் திரிந்துவிடும்.

திருச்சி தம்பி: சோடா உப்பை விட்டுவிட்டீர்களே சித்தி. தேனில் புளிப்பு உண்டு, அதனோடு சேர்ந்துதான் சோடா பொங்கும். வெல்லத்தில் அந்த அளவு புளிப்பு கிடையாது. அண்ணி, பாலில் 2 கரண்டியைக் குறைத்துக்கொண்டு தயிர் விடுங்கள், இல்லாவிட்டால் கேக் எழும்பாது, சோடா வாடையும் அடிக்கும்.

மாயவரம் அண்ணி: தயிர் இருக்கிறது. கருப்பட்டி போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா?

கும்பகோணம் சித்தி: கருப்பட்டி வாசனை ஏலக்காயையே அமுக்கிவிடும். உளுந்தங்களிக்கு வைத்துக்கொள்.

தஞ்சாவூர் மாமா: வெல்லம் என்றால் சுகர்காரர்களும் சாப்பிடலாமாம், காலையில் ஒரு ஃபார்வர்டு வந்தது. எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வை.

தஞ்சாவூர் அத்தை: அரைத் துண்டு. தேனா வெல்லமா பனங்கற்கண்டா என்று பேர் கேட்டுக்கொண்டா உங்கள் சுகர் ஏறுகிறது? மாயவரத்தாளே, மிச்சம் இருக்கும் அந்த ஒரு ஸ்பூன் தேனைப் பாப்பா நாக்கில் தடவு, சளிக்கு நல்லது.

திருச்சி தம்பி: ஐயோ அத்தை, வேண்டாம்! ஒரு வயது முடிகிறவரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், பொட்டுலினம் என்பார்கள், பெரியவர்கள் குடலில் அது ஒன்றும் செய்யாது, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், பிள்ளை பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிடும். நாம் அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

தஞ்சாவூர் அத்தை: எங்கள் காலத்தில் பிறந்த அன்றே தேனில்தான் சேனை தொட்டு வைத்தார்கள்.

மாயவரம் அண்ணி: எங்கள் டாக்டரும் கூடாது என்றுதான் சொன்னார் அத்தை. பாப்பாவுக்கு இப்போதுதான் ஒன்பது மாதம்.

தஞ்சாவூர் அத்தை: சரி, அப்படியானால் வேண்டாம். அந்த ஸ்பூனையும் பாகிலேயே ஊற்று.

மாயவரம் அண்ணி: ஊற்றியாயிற்று. பாகு அரை கப்புக்குக் கொஞ்சம் குறைகிறதே சித்தி?

கும்பகோணம் சித்தி: பாலை விட்டுச் சரிக்கட்டு. ஓவன் சூட்டை மட்டும் கூட்டாதே, வெல்லமும் சீக்கிரம் சிவந்துவிடும்.