அம்மாவின் தூக்கத்துக்கு அமுக்கரா கொடுக்கலாமா?

காவிரிக்கரை:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் சரியில்லை. பத்தரைக்குப் படுத்தால் இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது என்கிறார். மலச்சிக்கலும் இருக்கிறது. எதிலும் மனம் ஒட்டவில்லை. பக்கத்து வீட்டுக்குக்கூடப் போவதில்லை. தைராய்டு குறைவுக்காகப் பதினோரு ஆண்டுகளாகத் தைராக்சின் 100 சாப்பிடுகிறார். அப்பாவின் காரியம் முடிந்த வாரத்தில் ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு மட்டும் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அது இன்றுவரை நிற்கவில்லை. “அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு, அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து கொடு, இயற்கையானது, ஒன்றும் செய்யாது” என்கிறார் சித்தி. டப்பாவும் வாங்கி வைத்துவிட்டேன். கொடுக்கலாமா?

திரிகடுகம்:
நான் சித்த மருத்துவம் படித்து, நாகர்கோவில் பக்கம் பதினான்கு ஆண்டுகளாக வைத்தியம் பார்ப்பவள். கொடுக்கலாம் என்பதுதான் என் பதில். அமுக்கரா என்பது அஸ்வகந்தாதான். அதன் தாவரவியல் பெயர் விதானியா சோம்னிஃபெரா. சோம்னிஃபெரா என்ற லத்தீன் சொல்லுக்கே தூக்கம் தருவது என்றுதான் பொருள். சூரணத்தில் கிழங்கு மட்டும் இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ ஆகியவையும் சேர்கின்றன. அதனால்தான் சாப்பாடு நெஞ்சில் நிற்பவருக்கும் இது ஒத்துப்போகிறது. தூக்கத்தைத் தனியாகவும் வயிற்றைத் தனியாகவும் நாங்கள் பிரிப்பதில்லை.

கிழங்கை அப்படியே இடித்துப் போடுவதும் இல்லை. என் ஆசிரியர் வீட்டில் பார்த்திருக்கிறேன். பானையில் பாதிக்குப் பாலும் தண்ணீரும் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் கிழங்குப் பொடியைப் பரப்பி, பிட்டு அவிப்பதுபோல அவிப்பார். அந்த ஆவியில் குதிரை லாயத்து வாடை கிளம்பும். பொடியைக் காயவைத்து மறுபடி இடித்துச் சலித்த பிறகுதான் மற்றச் சரக்குகளோடு கலப்பார். இப்படிச் சுத்தம் செய்யாத பொடியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

மருந்துக்கட்டு:
தம்பி, நான் திருச்சியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தாளர். டப்பாவைத் திறக்காதீர்கள். அதற்கும் முன்னால் ஒன்று: அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. எட்டு மாதம் பழகிய உடம்பில் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரும். கொடுத்த மருத்துவரோ வேறொரு மருத்துவரோ வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். “தூக்கிப் போடு” என்று சொல்பவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வலிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கப்போவது உங்கள் அம்மா மட்டும்தான்.

இன்னொன்றையும் கேட்கிறேன். அல்பிரசோலம் ஹெச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பத்து நாள் சீட்டுக்கு எட்டு மாதம் மருந்து தந்த கடை எது என்று கேட்கமாட்டேன். என் தொழிலைச் செய்பவர்தான் தந்திருக்கிறார் என்பதே எனக்குத் தாங்கவில்லை.

அமுக்கராவுக்கு வருகிறேன். அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுபவருக்கு அதையும் கொடுத்தால் எங்கே போய் நிற்கும்? அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி ஐஸ்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 2020இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். டென்மார்க் 2023இல் தடையே விதித்துவிட்டது.

திரிகடுகம்:
அல்பிரசோலம் பற்றி ஐயா சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

மற்றதில் உடன்படமாட்டேன். வெளிநாடுகளில் விற்பவற்றில் பல, சத்தைப் பிழிந்து செறிவாக்கிய மாத்திரைகள். அதையும் பாலில் அவித்த கிழங்குப் பொடியையும் ஒரே தட்டில் வைப்பது, திராட்சையையும் சாராயத்தையும் ஒன்று என்பதுபோல. நீங்கள் சொன்ன காமாலையும் அரிதானது. நிறுத்திய சில மாதங்களில் குணமாகியிருக்கிறது. தூக்க மாத்திரையால் வயதானவர்கள் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது அவ்வளவு அரிதா? அதை ஏன் யாரும் தடை செய்வதில்லை? அமுக்கராவுக்கும் ஆய்வு உண்டு. 2021இல் ஐந்து சோதனைகளை, மொத்தம் 400 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் முன்னேற்றம் தெரிந்தது.

மருந்துக்கட்டு:
தெரிந்தது. சிறிய முன்னேற்றம், சில வாரச் சோதனைகள். அதில் இருந்தவர்கள் இந்த அம்மாவைப்போல இரண்டு மாத்திரை சாப்பிடுபவர்களா? செறிவு விஷயத்தில் உங்கள் வாதம் நியாயமானது, ஏற்கிறேன். ஆனால் அந்த 400 பேரும் விழுங்கியது பெரும்பாலும் அதே செறிவான சத்தைத்தான். நன்மைக்கு அந்த ஆய்வைக் காட்டிவிட்டு, தீமைக்கு மட்டும் அது வேறு, இது வேறு என்று சொல்ல முடியாது அல்லவா?

மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்ற காரப்பொருள் இருக்கிறது. சில ஆங்கில மருந்துகளின் அளவை அது இரத்தத்தில் கூட்டிவிடும். டப்பாவுக்குள் இருப்பதை யார் உறுதி செய்வது என்ற கேள்வியும் உண்டு. 2008இல் அமெரிக்காவில் இணையம் வழியாக வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

திரிகடுகம்:
அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை, வருத்தம்தான் இருக்கிறது. எங்கள் பெயரில் விற்கும் குப்பையால் நல்ல சரக்கும் சந்தேகத்துக்குள்ளாகிறது. தம்பி, டப்பாவில் உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நெல்மணி:
இவ்வளவு சிக்கல் எதற்கு? மனத்தை ஆளும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில்தான் உண்டாகிறது. வயிறு சரியானால் மனமும் தூக்கமும் தாமாகச் சரியாகும். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும், இரவில் இரண்டு இட்லி. என் அப்பா 88 வயது வரை அப்படித்தான் வாழ்ந்தார்.

மருந்துக்கட்டு:
பழைய சோற்றைக் குறை சொல்லமாட்டேன், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை. இடையில் உள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உணவுக்கும் மனத்துக்கும் தொடர்பு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்துச் செய்த சோதனை 2017இல் வெளிவந்தது. ஒரு பாதிக்குக் காய், பயறு, பழம், மீன் என்று உணவை மாற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுபாதிக்குப் பேச்சுத் துணை மட்டும். பன்னிரண்டு வாரத்தில் முதல் பாதியில் 32 சதவீதம் பேர் மீண்டார்கள், மறுபாதியில் 8 சதவீதம். சிறிய சோதனைதான். ஆனாலும் சாப்பாட்டை மதிக்க இது போதும்.

பாலைவனத்தில்_பத்தாண்டு:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். துபாயில் இருக்கிறேன், எனக்கும் தூக்கம் வருவதில்லை. ஊரிலிருந்து கசகசா கொண்டுவந்து பாலில் அரைத்துக் குடிக்கலாமா?

மருந்துக்கட்டு:
கொண்டுவரவே கொண்டுவராதீர்கள் ஐயா. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். பெட்டி கட்டித் தரும் வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

முல்லைப்பந்தல்:
கணவரை இழந்த ஒரு பெண் இரண்டரை மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு பேர் பேசினோம், அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டோமா?

ஐந்து ஆண்டு தூங்காமல் தவித்தவள் என்பதால் சொல்கிறேன். எனக்கு உதவியது கிழங்கும் இல்லை, மாத்திரையும் இல்லை. தூக்கமின்மைக்கென்றே உள்ள ஒரு நடத்தைப் பயிற்சி. அமெரிக்க உள்மருத்துவர்கள் கல்லூரி 2016இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்று சொன்னது. எந்நேரம் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். பகலில் படுக்கக் கூடாது. தூக்கம் வராமல் புரண்டால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கிய விளக்கில் ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போதுதான் திரும்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் அழுதேன். ஆறாவது வாரத்தில் ஒருநாள் கொசுவத்தி கொளுத்திய நினைவு இருந்தது, விளக்கை அணைத்த நினைவு இல்லை. அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன்.

பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் நீங்கள் ஊருக்குப் போய் இரண்டு இரவு அம்மாவோடு இருங்கள் தம்பி.

காவிரிக்கரை:
போய்விட்டு வந்தேன். மூன்று இரவு இருந்தேன்.

இரண்டரைக்கு எழுகிறார். கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மணிக்கு அடுப்படி விளக்கைப் போட்டு, பில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுகிறார். டிகாக்ஷன் இறங்கும்வரை அங்கேயே நிற்கிறார். மேடையில் இரண்டு டபரா எடுத்து வைத்தார். பிறகு ஒன்றை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, அலமாரியில் திரும்ப வைத்தார். அப்பா பேருந்துப் பணிமனையில் காலைப் பணிக்குப் போன இருபது ஆண்டும் அவருக்கு மூன்றரைக்குக் காபி கொடுத்த கை அது. நான் கதவோரம் நின்றிருந்தது அவருக்குத் தெரியாது.

அந்தக் காபியோடுதான் தைராய்டு மாத்திரையையும் விழுங்குகிறார். தைராய்டு அளவுக்கான டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டேன். அப்பா கூட்டிக்கொண்டு போனாராம், இரண்டு வருடம் இருக்கும் என்றார்.

மருந்துக்கட்டு:
தம்பி, இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை போட்டு, குறைந்தது அரைமணி நேரம் கழித்துத்தான் காபி. காபியோடு போனால் மருந்து சரியாக ஏறாது. மருந்து போதவில்லை என்றால் மலச்சிக்கலும் மனச்சோர்வும் வரும். கூடிவிட்டால் தூக்கம் போகும், படபடப்பு வரும். உங்கள் அம்மாவுக்கு இரண்டு பக்கத்து அறிகுறியும் இருக்கிறது. ஊகித்துப் பயனில்லை, இரத்தம்தான் சொல்லும்.

திரிகடுகம்:
அதையே நானும் சொல்கிறேன். அந்த முடிவு கையில் இல்லாமல் அமுக்கராவைத் தொட வேண்டாம் தம்பி. இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்ற பேச்சு எங்கள் வைத்தியத்துக்கே இழிவு. ஒன்றும் செய்யாதது எப்படி மருந்தாகும்? இப்போதைக்கு இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு படுக்க வேண்டாம். டி.எஸ்.எச். சரியாக வந்து, தூக்க மாத்திரையும் மருத்துவர் சொன்னபடி குறைந்த பிறகு, ஒரு சித்த மருத்துவரை நேரில் பாருங்கள். அப்போது இந்தச் சூரணத்துக்கு இடமுண்டு என்றே இன்னும் நம்புகிறேன்.

மருந்துக்கட்டு:
அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் அம்மா. ஆனால் உங்களைப்போலச் சோதனை கேட்டு வைத்தியம் செய்பவர் பக்கத்து ஊரில் இருந்தால் என் சண்டை பாதியாகக் குறைந்திருக்கும்.

காவிரிக்கரை:
செவ்வாய்க்கிழமை காலை இரத்தம் கொடுக்க நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அன்றே மருத்துவரிடம் அல்பிரசோலத்தைக் குறைப்பது பற்றியும் கேட்கிறேன். டப்பா திறக்காமல் என் பையில் இருக்கிறது. அதுவரை தினமும் மூன்று மணிக்கு அலாரம் வைத்து அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நேற்று பேசினேன். பில்டரில் பொடி போடவில்லை, பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.