புதுப்பிப்பு: ஏ.யூ.ஆர் பேக்கேஜின் பராமரிப்பாளர் கிடைத்துவிட்டார்

ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்தில் ஏ.யூ.ஆர் (பயனர்களே பராமரிக்கும் மென்பொருள் களஞ்சியம்) வழியாகப் போட்ட ஒரு பேக்கேஜ் பில்டு ஆகவில்லை (மூல நிரலிலிருந்து உருவாகவில்லை), அதைப் பராமரிப்பவரை எப்படிப் பிடிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். ஆள் கிடைத்துவிட்டார்.

ஆர்ச்சில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பேக்மேன் காட்டும் 'பேக்கேஜர்' வரி இதற்கு உதவாது. அது பில்டு செய்தவரின் பெயர். நம் கணினியிலேயே செய்தால் 'அன்னோன் பேக்கேஜர்' என்றுதான் பெரும்பாலும் வரும். எப்படி பில்டு செய்வது என்று சொல்லும் பிகேஜிபில்டு கோப்பின் உச்சியில் 'மெயின்டெய்னர்' என்று ஒரு கமென்ட் வரி இருந்தது. அதுவும் பழைய ஆள். கைமாறிய பிறகு யாரும் திருத்தவில்லை. ஏ.யூ.ஆர் தளத்தில் அந்தப் பேக்கேஜுக்கு நேராக இருப்பதுதான் இப்போதைய பெயர். அதன் கிட் வரலாற்றின் (கோப்பு மாற்றங்களின் பதிவு) கடைசி கமிட்டில், அதாவது கடைசி மாற்றத்தில், அவர் மின்னஞ்சலும் இருந்தது. எழுதினேன், சரிசெய்கிறாராம்.

பதிலே வராவிட்டால் பேக்கேஜை அவரிடமிருந்து விடுவிக்கச் சொல்லும் ஆர்ஃபன் கோரிக்கை வைக்கலாம். 'அவுட் ஆஃப் டேட்' கொடி போட்டு 180 நாள் ஆகியிருந்தால் அது தானாகவே ஏற்கப்படும். ஆனால் மூல மென்பொருளின் புதுப் பதிப்பு வந்திருந்தால்தான் அந்தக் கொடி. பில்டு ஆகவில்லை என்பதற்கெல்லாம் போடாதீர்கள்.