சிறுவிடைப் பட்டியில் கிராமப்ரியாவையும் கருங்கோழியையும் சேர்க்கலாமா?

ஆலங்குடி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்கு அருகில் வசிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால், கஜா புயலில் தப்பிய தென்னைகளும் அதன் பிறகு நட்ட கன்றுகளுமாக இருக்கும் பத்து சென்ட் இடத்தில், பதினோரு பெட்டைகளும் இரண்டு சேவல்களும் கொண்ட சிறுவிடை (உருவில் சிறிய நாட்டுக்கோழி) பட்டியை ஆறு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். என் மாமியார் கொடுத்த ஒரு சேவல், இரண்டு பெட்டைகளின் வழியில் வந்தவைதான் எல்லாமே. வெளியிலிருந்து ஒரு கோழிகூட இதுவரை உள்ளே வந்ததில்லை.

முட்டை போதவில்லை என்பதே என் குறை. ஒரு பெட்டை பன்னிரண்டு, பதிமூன்று முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. பிறகு குஞ்சுகளை இழுத்துக்கொண்டு இரண்டு, மூன்று மாதம் திரிகிறது. எந்த வாரத்தை எடுத்தாலும் மூன்று, நான்கு கோழிகளுக்கு மேல் முட்டையிடுவதில்லை. வீட்டில் கோழி வைத்துக்கொண்டு கடையில் வெள்ளை முட்டை வாங்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முட்டைக்கென்றே வளர்க்கும் கிராமப்ரியா இனத்தில் ஆறு வெடைகளை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளை) வாங்கலாம் என்று நான் நினைக்கிறேன். என் கணவரோ கருங்கோழி ஒரு ஜோடி வேண்டும் என்கிறார். பதினான்கு வார வயதுடைய இரண்டு இனமும் ஒரு பண்ணையில் இருக்கின்றன. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று என்கிறார்கள். எங்கள் பட்டிக்கு எந்த இனம் பொருந்தும், கொண்டுவந்த அன்றே ஒன்றாக விடலாமா, என் சேவல்களோடு கலந்து பிறக்கும் குஞ்சுகள் எப்படி இருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பஞ்சாரம்:

வணக்கம் சகோதரி. சிவகிரிப் பக்கம் இருபது ஆண்டுகளாகக் கோழி வளர்க்கிறேன். நீங்கள் முதலிலும் கடைசியிலும் கேட்டவற்றைப் பிறகு பார்ப்போம். 'அன்றே ஒன்றாக விடலாமா' என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் பட்டியையே இழந்தேன்.

வாரச்சந்தையில் பார்ப்பதற்கு மினுமினுப்பாக இருந்த நான்கு வெடைகளை வாங்கி வந்து, மாலையில் கூட்டுக்குள் விட்டேன். ஆறாம் நாள் காலை கூட்டைத் திறந்தபோது, என் பழைய பொறிக்கோழி வெளியே வராமல் மூலையில் இறகை உப்பிக்கொண்டு நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக நீர்போல இருந்தது. இரண்டு நாளில் இன்னொன்று கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. பத்து நாளுக்குள் பதினேழில் பதினான்கு போய்விட்டன. வந்த வெடைகளில் இரண்டு பிழைத்துக்கொண்டன; அவற்றைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. வெள்ளைக்கழிச்சல் என்னும் இந்தக் கொள்ளைநோயின் கிருமி உடலில் புகுந்த கோழி, நோய் வெளியே தெரிவதற்கு முன் சில நாட்கள் நன்றாகவே மேயும்.

இனி இனத்துக்கு வருகிறேன். கிராமப்ரியா ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய முட்டைக்கோழி. சிறுவிடை ஆண்டுக்கு அறுபது முட்டை வைத்தாலே பெரிது என்னும்போது, இது ஓரளவு தீவனம் கிடைத்தால் 150-ஐத் தாண்டும். அதே இயக்ககத்தின் வனராஜா முட்டையும் கறியும் சேர்ந்த இனம். முட்டை மட்டும் வேண்டுபவருக்கு அது தேவையில்லை, தவிட்டையும் நொய்யையும் கணக்கில்லாமல் போட்டால் கொழுத்துப்போய் முட்டையைக் குறைத்துவிடும். ஆகவே உங்கள் தேவைக்குக் கிராமப்ரியா சரிதான். ஆனால் அது அடைக்கு உட்காருவதில்லை. அதிக முட்டைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கும்போது அடை குணத்தையும் சேர்த்தே கழித்துவிட்டார்கள். நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தக் குணம் இல்லையென்றால் பட்டியில் அடுத்த தலைமுறை கிடையாது, ஆண்டுதோறும் குஞ்சு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

என் யோசனை இது. பதினான்கு வார வெடைகளை வாங்காதீர்கள். உங்கள் சிறுவிடை ஒன்று அடைக்கு உட்காரும்போது, அதன் அடியில் புது இனத்தைக் கொண்டுவந்துவிடுங்கள், முட்டையாகவோ ஒரு நாள் குஞ்சாகவோ. வளர்ந்த கோழியைப் பட்டியில் சேர்க்க நாம் படும் பாட்டையெல்லாம் தாய்க்கோழி தானே பார்த்துக்கொள்ளும். பருந்து நிழல் விழுந்தால் எங்கே ஒளிய வேண்டும், எந்தக் கோழிக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் குஞ்சுக்கு நாம் சொல்லித்தர முடியாது.

கால்நடை ஆய்வாளர் (ஓய்வு):

பஞ்சாரம் அவர்கள் கூறியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. எனினும் முட்டையாகக் கொண்டுவந்தால் நோய் வராது என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நாள்பட்ட சளிநோயை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மாவும், வெள்ளைக்கழிச்சலிலிருந்து வேறான ஒரு கழிச்சலை உண்டாக்கிக் குஞ்சுகளைக் கொல்லும் புல்லோரம் கிருமியும் தாயின் முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்லக்கூடியவை. எனவே முட்டையானாலும் குஞ்சானாலும், தாய்க்கோழிகளைப் பரிசோதித்துப் பராமரிக்கும் அரசு அல்லது பல்கலைக்கழகப் பண்ணையிலிருந்து பெறுவதே நல்லது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களில் விசாரித்துப் பாருங்கள்.

மற்றொன்றையும் கூற வேண்டும். கிராமப்ரியா என்பது தனித்தனியாகப் பேணப்படும் பெற்றோர் வழிகளைச் சேர்த்து எடுக்கும் கலப்பு. அது உங்கள் சேவலோடு சேர்ந்து இடும் முட்டையை அடைவைத்தால் வரும் குஞ்சு கிராமப்ரியா ஆகாது. சில நன்றாக முட்டையிடும், சில இடாது, அடை குணம் சிலவற்றில் மீளும், சிலவற்றில் மீளாது. ஆகவே அவற்றின் முட்டைகளைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, சிறுவிடை முட்டைகளை மட்டும் அடைக்கு வைத்தால் உங்கள் பழைய வழி கெடாமல் இருக்கும். ஓட்டின் நிறத்தைக் கொண்டு பிரிக்க முடியாதபோது, எந்தக் கோழி எங்கே இடுகிறது என்று கவனித்துப் பென்சிலால் குறியிடுவதே வழி.

ஆறு ஆண்டுகளாக ஒரே சேவலின் வழிக்குள்ளேயே கலந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் முதலில் தேவைப்படுவது புது இனமன்று, புதுச் சேவல். நெருங்கிய உறவுக்குள் தொடர்ந்து கலந்தால் பொரிப்பும் குஞ்சுகளின் பிழைப்பும் படிப்படியாகக் குறையும். வேறு ஊரிலிருந்து ஒரு சிறுவிடைச் சேவலைக் கொண்டுவந்து, இருக்கும் இரண்டில் ஒன்றையாவது கழித்துவிடுங்கள். பதினோரு பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதும். பெருவிடைச் சேவல் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறதே என்று அதைச் சேர்க்காதீர்கள். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட சேவல் ஒரு கிலோ பெட்டையின் மேல் ஏறினால், முதுகு இறகு போய், விலாவில் சேவலின் கால்முள் கிழித்த காயத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சேவலானாலும், நீங்கள் எப்படியும் வெடைகளைத்தான் வாங்குவதாக இருந்தாலும், முப்பது நாள் தனிமையில் வைக்க வேண்டும். ஒரே கொட்டகையில் நடுவே சாக்கு கட்டுவது தனிமை ஆகாது. தோப்பின் எதிர்மூலையில் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்ச் சட்டி, தனிச் செருப்பு. காலையில் முதலில் உங்கள் பழைய கோழிகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு, அதன் பிறகே புதியவற்றிடம் செல்ல வேண்டும். திரும்பி வந்து பழையவற்றைத் தொடக் கூடாது. இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றிலும் பேன், செள்ளு இருக்கிறதா என்று அந்த வாரத்திலேயே பாருங்கள். மூன்றாவது வாரத்தில், உங்கள் பட்டியில் இழந்தாலும் பரவாயில்லை என்னும் ஒரு கோழியை அவற்றோடு விட்டுப் பார்ப்பது பழைய முறை. அது நலமாக இருந்தால் ஓரளவு நம்பலாம்.

'எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று' என்பதை அப்படியே ஏற்காமல் எது, எந்த வயதில் என்று கேளுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தையொட்டி லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஆர்2பி ஊசி என்பது வழக்கமான வரிசை. உங்கள் பழைய கோழிகளுக்குப் போட்டிருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. போடவில்லையெனில் அதை முடித்து மூன்று வாரம் ஆன பிறகே புதியவற்றைப் பற்றி யோசியுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் நடத்தும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாமில் கட்டணமின்றிப் போடுகிறார்கள்; கோழிகளை அன்று மட்டும் திறந்துவிடாமல் வைத்திருந்தால் போதும்.

கீழத்தெரு:

கருங்கோழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஐந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கருங்கோழி என்று நாம் சொல்லும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பழங்குடியினர் வளர்த்து வந்த இனம். அந்த ஊர் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல், சதை, எலும்பு, நாக்கு வரை கருப்பாக இருக்கும். முட்டை கருப்பாக இருக்காது! வெளிர் பழுப்புதான். இதைச் சொல்லக் காரணம், என்னிடம் வாங்க வந்த இருவர் கருப்பு முட்டை கேட்டு ஏமாந்து திரும்பினார்கள்.

முட்டை எண்ணிக்கையில் கிராமப்ரியாவுக்குக் கிட்டே வராது. என்னிடம் உள்ளவற்றில் ஒன்று மட்டும் ஒருமுறை அடைக்கு உட்கார்ந்தது, அதுவும் பத்தாம் நாள் எழுந்து போய்விட்டது. வெயிலைத் தாங்கும், உஷாரான கோழி, கீரியைக் கண்டால் முதலில் மரமேறுவது அதுதான். மருந்துக்குணம் என்று சொல்லி விலையை ஏற்றிக் கேட்பதை நம்பி வாங்க வேண்டாம், பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆனால் ஜோடியாக வாங்கி உங்கள் பட்டியோடு திறந்துவிட்டால், அந்தச் சேவல் எல்லாப் பெட்டைகளையும் மிதிக்கும். இரண்டு ஆண்டில் உங்களிடம் பாதிக் கருப்பு, கால் கருப்புக் கோழிகள் இருக்கும். சுத்தமான சிறுவிடையும் இருக்காது, சுத்தமான கருங்கோழியும் இருக்காது. கணவருக்கு ஆசையென்றால் பெட்டைகள் மட்டும் போதும்.

ஆலங்குடி வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய கோழிகளுக்குச் சென்ற ஆண்டு முகாமில் போட்டது, இந்த ஆண்டு தவறிவிட்டது. நாளையே கால்நடை மருந்தகத்துக்குச் செல்கிறேன். பண்ணைக்காரரிடம் வெடைகள் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கருங்கோழி குறித்து வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் செவலைப் பெட்டை நான்கு நாளாக அடையில் இருக்கிறது. அதற்குக் கீழே கிராமப்ரியாக் குஞ்சுகளை எப்போது, எப்படி வைக்க வேண்டும், எத்தனை வைக்கலாம் என்று பஞ்சாரம் ஐயா விளக்கினால் உதவியாக இருக்கும். பிறகு அவை வளர்ந்து மற்றக் கோழிகளோடு சேரும்போது கொத்தல் இருக்காதா?

பஞ்சாரம்:

செவலைக்கு இப்போது நான்கைந்து முட்டை மட்டும் வைத்து உட்கார விடுங்கள். நான்கு நாள் அடையில் குஞ்சைக் கொண்டு வைத்தால் கொத்தித் தள்ளிவிடும்; பதினெட்டு நாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் அதற்குத் தாய்மனம் திரும்பும். உங்கள் பழைய கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொண்டே குஞ்சுகளைக் கொண்டுவாருங்கள். குஞ்சுகள் பிறந்து ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஆனவையாக இருக்கட்டும். நான்கு நாள் குஞ்சுக்கு இந்தத் தாயின் குரல் ஒட்டாது.

இருட்டிய பிறகு, விளக்கில்லாமல் செல்லுங்கள். கையை முட்டையெடுப்பதுபோல மெதுவாக அடியில் விட்டு, ஒரு முட்டையை எடுத்த இடத்தில் ஒரு குஞ்சை வையுங்கள். அது உள்ளே நகர்ந்து சூட்டில் ஒட்டிக்கொள்ளும், கீச்சென்ற சத்தம் நின்றுவிடும். செவலை தாழ்ந்த குரலில் 'க்ளக், க்ளக்' என்று பேச ஆரம்பித்தால் மற்றவற்றையும் வைத்துவிடலாம். உறுமினால் அரைமணி பொறுத்து மறுபடி பாருங்கள். முட்டைகளை அன்றே முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அதன் சொந்தக் குஞ்சு இரண்டு முன்பே பொரித்திருந்து, வந்தவை வேறு நிறமாக இருந்தால், நிறம் பார்த்து அடிக்கும் பெட்டைகளும் உண்டு. சிறுவிடையின் இறக்கைக்குள் பத்துக் குஞ்சு அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமென்றால் எட்டு. விடியும்போது பக்கத்தில் இருங்கள், முதல் வெளிச்சத்தில்தான் அது குஞ்சுகளைப் பார்க்கும்.

கொத்தல் இருக்கத்தான் செய்யும். தாய் மூன்றாம் மாதத்தில் விரட்டிவிட்டதும் அவை கடைசி வரிசைக்குப் போகும். தீவனத்தை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று இடத்தில் வைத்து, இரண்டு தென்னை மட்டைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஓடி ஒளிய இடம் கிடைக்கும். ஒரு கோழி மட்டும் விடாமல் துரத்தினால், அடிபடுவதைப் பிரிக்காதீர்கள். அடிப்பதைப் பிடித்து மூன்று நாள் பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையில்) கவிழ்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது அதன் இடத்தை வேறொன்று பிடித்திருக்கும், வீரம் பாதியாகக் குறைந்திருக்கும். ரத்தம் கண்டால் மட்டும் காயம்பட்டதை அன்றே பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது.

முட்டைக்கோழித் தீவனம் வாங்கினால் ஐந்து மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகள் அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்துக்கு ஆகாது. எல்லோருக்கும் வளர்தீவனத்தைப் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால் முட்டையிடுபவை தமக்கு வேண்டியதைத் தாமே கொத்திக்கொள்ளும். செவலை பதினெட்டாம் நாளுக்கு முன் எழுந்துவிட்டால் இங்கே எழுதுங்கள், அப்போது வேறு பெட்டையைப் பார்ப்போம்.